அகத்தி – போர்ட் பிளேர்: மூன்று மணி நேரமா, ஒரு முழு நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லட்சத்தீவின் அகத்தியையும் அந்தமானின் போர்ட் பிளேரையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிடலாம் என்று தங்கள் பயணப் பக்கத்தில் எழுதி, கீழே பெட்டிச் செய்தியாக ‘விமானத் தூரம் 2,240 கி.மீ.; பயண நேரம் 3 மணி 10 நிமிடம்’ என்று போட்டிருந்தீர்கள். தூரம் சரி. நேரம் தவறு. கொஞ்சநஞ்சத் தவறும் இல்லை. அதை நம்பி டிக்கெட் போடுகிறவர் வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும். விடுதிக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதுவும் போகும். எழுதியவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையக் கணிப்பான்கள் எல்லாமே இப்படித்தான் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் எப்படி வருகிறது, எங்கே பிசகுகிறது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

தூரத்தை முதலில் பார்ப்போம். அது கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. அகத்தி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.82 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 72.18 பாகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் 11.64, 92.73. தீர்க்கரேகை வித்தியாசம் 20.55 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ.; வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், சராசரி அட்சரேகையான 11.23 பாகையின் கோசைன் மதிப்பால், அதாவது 0.981-ஆல், பெருக்கிக்கொள்ள வேண்டும். 20.16 வரும். அட்சரேகை வித்தியாசம் 0.82. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தில் இரண்டையும் போட்டால் 20.18 பாகை. அதை 111.2-ஆல் பெருக்கினால் 2,244 கி.மீ.; கடல் மைலில் சுமார் 1,210. கணிப்பான் பூமியின் உருண்டையைக் கணக்கில் கொண்டு பெரிய சூத்திரம் போட்டுச் சொல்லும் விடைக்கும் இதற்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். இந்தக் குறுக்குவழி நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களுக்குத்தான் செல்லும். சிட்னியிலிருந்து சான்டியாகோ போகும் விமானம் அண்டார்க்டிகாவை நோக்கி வளைந்து போகிறதே, அங்கெல்லாம் இதைப் போட்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தவறும்.

இந்த நேர்கோட்டை வரைபடத்தில் தொடர்ந்து போனால் நம்மவர்களுக்குச் சுவையான ஒரு சங்கதி தென்படும். அகத்தியை விட்டுக் கிளம்பிய கோடு நானூறு கி.மீ. வாக்கில் அரபிக் கடலைக் கடந்து மலப்புரம் மாவட்டத்தில் கரையேறுகிறது. கோவைக்குச் சற்று வடக்கே போய், முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லின் தலைக்கு மேலேயும் பெரம்பலூரை ஒட்டியும் கடந்து, சீர்காழிக்கு வடக்கே வங்கக் கடலில் இறங்குகிறது. அங்கிருந்து போர்ட் பிளேர் வரை 1,400 கி.மீ.க்கு மேல் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆக, இந்தியாவின் இரண்டு கடைக்கோடித் தீவு விமான நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஆனால் அந்த வழியில் பயணிகள் விமானம் எதுவும் ஓடுவதில்லை.

இனி நேரம். கணிப்பான்கள் தூரத்தை மணிக்கு 800 முதல் 900 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென்று அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கின்றன. இருக்கிற விமானம் எது, ஓடுபாதை எவ்வளவு நீளம், சேவை உண்டா இல்லையா என்று எதுவும் அவற்றுக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு குட்டி விமான நிலையங்கள் உண்டு. இடைத்தூரம் 2.7 கி.மீ.; ஐலாண்டர் எனும் சிறிய விமானம் அதை இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடும். கணிப்பானைக் கேட்டால் அரை மணி நேரம் என்று சொல்லும்! சின்னத் தூரத்தில் நேரத்தைக் கூட்டிச் சொல்லும் அதே சூத்திரம்தான் அகத்தி மாதிரி இடத்தில் குறைத்துச் சொல்கிறது.

அகத்தி ஓடுபாதையின் நீளம் 1,204 மீட்டர். 1988-இல் திறக்கப்பட்டது. பவளத் தீவின் தென்கோடியில், இரு முனையிலும் கடல் பார்க்கும்படி கிடக்கும் ஒற்றைப் பட்டை அது. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட்டுகளுக்கு அது போதாது. அங்கே போவது ஏ.டி.ஆர். வகை டர்போபிராப் விமானங்கள்தான், அதாவது எஞ்ஜினில் காற்றாடி சுழலும் விமானங்கள். ஏ.டி.ஆர். 72-600 நன்றாகப் பறந்தால் மணிக்கு 510 கி.மீ.; மூன்று மணி நேரக் கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது. அந்த விமானமும் முழு எடையுடன் கிளம்ப, கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில், 1,300 மீட்டருக்கு மேல் ஓடுபாதை கேட்கும். அகத்தியில் நண்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். காற்று லேசாகி இன்னும் அதிக நீளம் வேண்டியிருக்கும். இருப்பதோ 1,204. எடையைக் குறைப்பதுதான் வழி: ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது லக்கேஜை, அல்லது எரிபொருளை. தீவுக்குப் போகிறவர்களின் பெட்டி எடையில் விமான நிறுவனங்கள் இவ்வளவு கறார் காட்டுவது இதனால்தான். சிறியதான ஏ.டி.ஆர். 42-க்கு இந்தத் தொல்லை குறைவு.

இறங்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. டர்போபிராப் விமானம், ஓடுபாதையில் இருக்கும் நீளத்தில் 70 சதவீதத்துக்குள் நிற்க முடியும் என்று கணக்குக் காட்டினால்தான் கிளம்பவே அனுமதி. 1,204-இல் 70 சதவீதம் 843 மீட்டர். ஓடுபாதை நனைந்திருந்தால் தேவையான நீளத்தில் 15 சதவீதம் கூடுதல் வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது 733 மீட்டர். ஒரு மழைக்கு 110 மீட்டர் போய்விடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அகத்திச் சேவைகள் ஏன் திடீர் திடீரென்று ரத்தாகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுவே பாதி விடை. மீதிப் பாதி காற்று. ஓடுபாதை தென்மேற்கு–வடகிழக்காகக் கிடக்கிறது. லட்சத்தீவில் பருவக்காற்றோ மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வீசுகிறது. விமானத்துக்கு அது பக்கவாட்டுக் காற்று. உயர்ந்த இறக்கை கொண்ட ஏ.டி.ஆருக்கு இது பிடிக்காத காற்று.

சரி, வேகம் குறைவாக இருந்தாலும் ஏ.டி.ஆரிலேயே நேரே போர்ட் பிளேர் போய்விட முடியாதா என்று கேட்கலாம். தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 2,240 கி.மீ.யை 510-ஆல் வகுத்து, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் நாலே முக்கால் மணி நேரம். மணிக்கு 700 கிலோ எரிபொருள் என்று வைத்தால் 3,300 கிலோ. வழியில் கூடக்குறைய ஆனால் சமாளிக்க 5 சதவீதம், 165 கிலோ. போய்ச் சேரும் இடம் பக்கத்தில் வேறு நிலையம் இல்லாத தனித் தீவு என்றால், அங்கே போனபின் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அதற்கு 1,400 கிலோ. மொத்தம் 4,865. ஏ.டி.ஆர். 72-இன் தொட்டிகள் இரண்டும் சேர்ந்து கொள்வதே 5,000 கிலோதான். வெறும் விமானத்தின் எடை 13,500 கிலோ வாக்கில். உச்ச எடை 23,000. எரிபொருள் போக 4,600 கிலோ மிஞ்சும். ஆளுக்குப் பெட்டியோடு நூறு கிலோ என்றால் 46 பேர். அதுவும் நீளமான ஓடுபாதையில்! அகத்தியின் 1,204 மீட்டரில் அந்த உச்ச எடைக்குப் பக்கத்திலும் போக முடியாது. எழுபது இருக்கை விமானத்தில் பாதியைக் காலியாக விட்டுக்கொண்டு எந்த நிறுவனம் ஓட்டும்? நேரடிச் சேவை இல்லாததற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் அல்ல, இந்தக் கூட்டல் கணக்குதான்.

ஆகவே நடைமுறை வழி அகத்தி–கொச்சி–சென்னை–போர்ட் பிளேர். தூரங்கள் வரிசையாக 465, 520, 1,370 கி.மீ.; கூட்டினால் 2,355. நேர்கோட்டை விடச் சுமார் 110 கி.மீ.தான் அதிகம், ஏறக்குறைய ஐந்து சதவீதம். சுற்றுவழியால் தூரத்தில் நஷ்டமே இல்லை என்று சொல்லிவிடலாம். நஷ்டம் எல்லாம் காத்திருப்பில்.

பறக்கும் நேரத்தை வாசகர்களே போட்டுக்கொள்ள ஒரு எளிய முறை உண்டு. டர்போபிராப் என்றால் தூரத்தை 500-ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டுங்கள். ஜெட் என்றால் 800-ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுங்கள். அகத்தி–கொச்சி 1 மணி 21 நிமிடம். கொச்சி–சென்னை 1 மணி 14. சென்னை–போர்ட் பிளேர் 2 மணி 18. கால அட்டவணைகளில் அச்சாகும் நேரங்களோடு ஒப்பிட்டால் ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் விலகாது. மொத்தம் 4 மணி 53 நிமிடம். அந்த 25-உம் 35-உம் எதற்கு என்றால், அட்டவணை நேரம் என்பது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்தது முதல், போன இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்குப் பின்னால் நிற்பது, பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு, இறங்குவதற்கு வரிசை பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஜெட்டுக்குப் பத்து நிமிடம் அதிகம், ஏனென்றால் அது ஏற வேண்டிய உயரமும் அதிகம், அது போய் இறங்கும் நிலையங்களில் நெரிசலும் அதிகம்.

காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவம் என்றதும் எல்லோரும் மேல்காற்றைத்தான் நினைப்பார்கள். சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும் என்றும் நினைப்பார்கள். தரையிலிருந்து ஒன்றரை கி.மீ. உயரம் வாக்கில் அது உண்மை. ஜெட் பறக்கும் 10, 11 கி.மீ. உயரத்தில் கதை தலைகீழ்: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே கிழக்கிலிருந்து வேகமான காற்று ஓடுகிறது, இன்னும் மேலே, 14 கி.மீ.யைத் தாண்டி, அது உச்ச வலுவில் இருக்கும். கீழே மேல்காற்று, மேலே கொண்டல். மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 70 கி.மீ. வேகக் கொண்டல் எதிர்த்தால் சென்னை–போர்ட் பிளேர் பறப்பு 1 மணி 48 நிமிடம்; திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட்டால் 1 மணி 31. பதினேழு நிமிட வித்தியாசம். போகும் விமானத்துக்கும் வரும் விமானத்துக்கும் அட்டவணையில் வேறு வேறு நேரம் போட்டிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு, அச்சுப்பிழை அல்ல. ஏ.டி.ஆர். பறக்கும் ஐந்து, ஆறு கி.மீ. உயரம் இரண்டு காற்றுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே பெரும்பாலும் மெலிந்த காற்றுதான்.

இதே காற்றுதான் ‘எங்கே வரை போனபின் திரும்புவதை விட முன்னே போவது மேல்’ என்பதையும் தீர்மானிக்கிறது. கடலுக்கு மேலே ஓர் எஞ்ஜின் மக்கர் செய்தால் முன்னேயா, பின்னேயா என்று விமானி அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கிளம்பும் முன்பே ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்கிறார்கள். மொத்தத் தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் திரும்பும் வேகமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் அந்தப் புள்ளி கிடைக்கும். மேலே சொன்ன காற்றில் 1,370 × 900 ÷ 1,660 = 743. சென்னையிலிருந்து 743-ஆவது கிலோமீட்டர். நடுப்புள்ளி 685-தான், எதிர்காற்று இருப்பதால் புள்ளி போர்ட் பிளேர் பக்கம் 58 கி.மீ. நகர்ந்துவிடுகிறது. அங்கிருந்து போர்ட் பிளேருக்கும் ஏறக்குறைய 50 நிமிடம், சென்னைக்கும் அதே 50 நிமிடம். (ஓர் எஞ்ஜினோடு பறக்கும்போது வேகமும் உயரமும் குறையும், அதற்கு வேறு எண்கள் போடுவார்கள். முறை இதுதான்.)

போர்ட் பிளேர் ஓடுபாதை 3,290 மீட்டர். அகத்தியைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். நீளத்தில் குறையில்லை, நிலத்தில்தான் குறை. ஒரு பக்கம் குன்று மறிப்பதால் இறங்குவது ஒரு திசையில்தான். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாளில் அது இறங்கும் விமானத்துக்குப் பின்காற்று ஆகிவிடுகிறது. பத்து நாட் பின்காற்று இருந்தால் நிற்பதற்குத் தேவையான தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். பெரும்பாலான விமானங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பே பத்து, பதினைந்து நாட்தான். அதைத் தாண்டினால் வானத்தில் வட்டமடித்துக் காத்திருப்பார்கள். அடங்கவில்லை என்றால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்ப வேண்டியதுதான். கொல்கத்தா 1,300 கி.மீ.; சென்னையை விடப் பெரிதாகப் பக்கம் ஒன்றும் இல்லை. அந்தமான் நிக்கோபாரில் வேறு ஓடுபாதைகள் இருக்கின்றன: கார் நிக்கோபாரில் விமானப்படைக்கு ஒன்று, வடக்கே ஷிப்பூரிலும் தெற்கே கேம்ப்பெல் பேயிலும் கடற்படைக்கு. பயணிகள் ஜெட், கிளம்பும்போதே மாற்று நிலையம் என்று அவற்றை எழுதிக்கொண்டு போவதில்லை. ஆகவே மீனம்பாக்கத்தில் காலை ஏறி, நாலரை மணி நேரம் பறந்து, மறுபடி மீனம்பாக்கத்திலேயே இறங்குவது மழைக்காலத்தில் நடக்காத காரியம் இல்லை. இதில் யாரையும் கோபித்துப் பயனில்லை. திரும்பி வரும் அளவு எரிபொருளைச் சுமந்துகொண்டு போனதால்தான் திரும்பி வர முடிந்தது.

செயின்ட் ஹெலினா தீவிலும் இதே நிலைதான். தென் அட்லாண்டிக்கில் நெப்போலியன் இறந்த தீவு அது. 2017 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாராந்தரச் சேவை தொடங்கியபோது, ஓடுபாதை முனையில் அடிக்கும் குழப்பமான காற்றால் இறங்க முடியாமல் போனால் ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்பும்படி, நமீபியாவில் ஒருமுறை நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். அந்த நிறுத்தத்தையும் கணிப்பான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி இணைப்புக்கு வருவோம். ஒரு நாள் போவது இங்கேதான். அகத்திச் சேவைகள் பகலில்தான் ஓடுகின்றன. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் விமானங்களில் பெரும்பாலானவை விடியற்காலையிலும் முற்பகலிலும் கிளம்பிவிடுகின்றன. நண்பகல் வாக்கில் அகத்தியை விட்டுக் கிளம்பியவர் கொச்சி வந்து, சாயங்காலம் சென்னை சேரும்போது அன்றைய அந்தமான் விமானங்கள் போய்த் திரும்பியும் வந்திருக்கும். ராத்திரி சென்னையில் தங்கி மறுநாள் காலை ஏறினால், அகத்தியில் கிளம்பி இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எதிர்த்திசையிலும் அப்படியே: காலையில் போர்ட் பிளேரை விட்டால் மதியம் சென்னை, இரவு கொச்சி, மறுநாள் அகத்தி. பெங்களூரு வழி ஒன்றும் உண்டு. 2024 மார்ச் 31 முதல் இண்டிகோ பெங்களூரிலிருந்து அகத்திக்கு ஏ.டி.ஆர். விடத் தொடங்கியது. அகத்தி–பெங்களூரு 657, பெங்களூரு–போர்ட் பிளேர் 1,640. கூட்டினால் சுமார் 2,300 கி.மீ., ஒரே ஒரு மாற்றம். இரண்டு சேவையும் ஓடும் பருவத்தில் இது கொச்சி–சென்னை வழியை விட நல்லது, ஆனாலும் போகும் திசையில் ராத்திரித் தங்கலிலிருந்து தப்பிப்பது அரிது. சேவை தினசரி இல்லாத பருவங்களில் கிழமையையும் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடும் விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான்.

டிக்கெட் போடும் முறையில் பலர் வழுக்கி விழுகிறார்கள். மூன்று கட்டத்தையும் ஒரே பி.என்.ஆரில் போட முடிந்தால் போடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால், கொச்சியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ச் செக்-இன் செய்ய வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். ஆகவே தனித்தனி டிக்கெட்டில் அகத்தியிலிருந்து வருபவர் கொச்சியில் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். எதிர்த்திசையில் அதுவும் போதாது; முதல் நாளே கொச்சி வந்து படுத்துக்கொள்வது உத்தமம். சென்னையில் உள்நாட்டுச் சேவைகள் ஒன்றாம், நான்காம் முனையங்களில் பிரிந்து கிடக்கின்றன. வந்து இறங்கும் முனையமும் ஏறும் முனையமும் வேறாக இருக்கலாம். மழையால் ரத்தானால் நஷ்டஈடு கேட்க முடியாது, விதி அப்படி. பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது வேறு விமானத்தில் இடம் கேட்கலாம், அவ்வளவுதான். நஷ்டஈடு தராத அந்த நாளில் விடுதிச் செலவு நம்முடையது.

அனுமதி விஷயத்தையும் பெட்டிச் செய்தி விட்டுவிட்டது. லட்சத்தீவுக்கு இந்தியரும் நுழைவு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். எந்தத் தீவு, எந்தத் தேதி என்பதெல்லாம் அதில் இருக்கும். அது கையில் இல்லாதவரைக் கொச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள். போர்ட் பிளேருக்கு இந்தியருக்கு அப்படி எதுவும் வேண்டாம். ஆகவே அந்தமானை முதலிலும் லட்சத்தீவைப் பின்னும் வைத்துத் திட்டமிடுகிறவருக்குத்தான் ஆபத்து: போர்ட் பிளேரில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அகத்தி விமானமும் போகும், அனுமதித் தேதியும் ஒரு நாள் கழியும். லட்சத்தீவை முதலில் வைத்தால் பின்னால் நழுவும் நாளை அந்தமானில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

பெயரில் வரும் குழப்பமும் உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றி அறிவித்தது. முன்பதிவில் குறியீடு பழையபடி ஐ.எக்ஸ்.இசட்.தான். கடைசி எழுத்தை மாற்றி ஐ.எக்ஸ்.ஏ. என்று தட்டினால் திரிபுராவின் அகர்தலா வரும். அகத்தியின் குறியீடு ஏ.ஜி.எக்ஸ்.; ஏ.ஜி.ஆர். என்றால் ஆக்ரா. ‘அக’ என்று தொடங்கும் ஊர்ப் பட்டியலில் விரல் ஒன்று தவறினாலும் கணிப்பான் முகம் சுளிக்காமல் ஒரு தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி. இரண்டு தீவுகளும் ஒரே இந்திய நேரத்தைப் பின்பற்றுகின்றன. கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. சூரியன் அதைக் கேட்பதில்லை. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் 20.55 பாகைக்கு 82 நிமிடம். டிசம்பர் கடைசியில் போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் அகத்தியில் ஆறே காலுக்கும் கடற்கரையில் வெயில் இருக்கும். ‘மாலை நாலரைக்குப் போய் இறங்கி செல்லுலார் சிறையைப் பார்த்துவிடலாம்’ என்று அகத்திப் பழக்கத்தில் திட்டம் போடுகிறவர் இருட்டில்தான் போய் நிற்பார்.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால் இப்படி அச்சிடலாம்: ‘அகத்தி–போர்ட் பிளேர் நேர்கோட்டுத் தூரம் 2,240 கி.மீ. நேரடி விமானம் இல்லை. கொச்சி, சென்னை வழியாக 2,355 கி.மீ.; பறக்கும் நேரம் சுமார் 5 மணி; ஓர் இரவுத் தங்கலோடு மொத்தம் 20 முதல் 24 மணி நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலும் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளவும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி தேவை.’ பெட்டிச் செய்தியில் இருந்ததை விட நாலைந்து வரிதான் கூடும்.

இப்படிக்கு,
விமானப் பயணத் திட்டப் பணியில் உள்ள வாசகர்கள்,
பல்லாவரம், சென்னை.